வரையத் தெரிந்த பிள்ளைக்கு நாவலப்பிட்டி என்ன வைத்திருக்கிறது?

ஆபிரிக்காவிலிருந்து வரும் ஒரு வகைச் செய்தி நம்மவர்களிடையே அடிக்கடி சுற்றிவருகிறது. பள்ளிக்கூடக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த இளைஞன் ஒருவன் வீடியோ விளையாட்டுகளுக்கு வேண்டிய ஓவியக்கலையில் பயிற்சி பெற்று, இன்று உலக நிறுவனங்களுக்கு வரைகிறான் என்பது அதன் சாரம். அனுப்பியவர் அடியில் ஒரு வரி சேர்த்திருப்பார்: "அவர்களால் முடிகிறது, எங்கள் பிள்ளைகளால் மட்டும் ஏன் முடியவில்லை?"

இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலூட்டுகிறது. கேட்பவர் பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தாம் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்துகொள்கிறார். அச்செய்தியில் அவர் வாசிக்காமல் தாண்டிய சொல் ஒன்றுண்டு. 'பயிற்சி' என்பதே அது. திறமை எங்கும் உண்டு. தோட்டத்து லயன் சுவர்களில் அடுப்புக்கரியால் கிறுக்கப்பட்டிருக்கும் படங்களைப் பார்த்தவர்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. பயிற்சி எங்கும் இல்லை. அதை யாரோ ஒருவர் பணம் போட்டு, இடம் போட்டு, ஆண்டுக்கணக்காக நடத்தவேண்டும்.

ஆபிரிக்காவில் உண்மையில் நடந்ததென்ன என்று பார்ப்போம். 2015 இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரிலுள்ள ட்ரிகர்ஃபிஷ் என்னும் அசைபட நிறுவனம் கண்டம் முழுவதிலுமிருந்து கதைகளைக் கோரியது. தெரிவானோரில் ஒருவர் சாம்பியா நாட்டு மலெங்கா முலெண்டெமா. அவருடைய கதை 'சூப்பா டீம் 4' என்ற தொடராக நெட்பிளிக்ஸில் வெளியானது 2023 ஜூலையில். இடையில் ஓடியவை எட்டு ஆண்டுகள். கதையை எழுதித் திருத்துவது, பாத்திரங்களை வரைந்து வரைந்து மாற்றுவது, புதியவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது என்று அந்த எட்டு ஆண்டுகளும் செலவாகின. சுற்றறிக்கைச் செய்தியில் அவை அரை வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

விளையாட்டுத் துறையில் இன்னும் கடினமான கதை கமரூன் நாட்டினுடையது. ஒலிவியே மடிபா மாணவனாக இருந்தபோது, 2003 அளவில், ஆபிரிக்கப் பண்பாட்டைத் தளமாகக் கொண்ட ஒரு விளையாட்டைக் கனவு கண்டார். அவர் நிறுவிய கிரோ கேம்ஸ் யவுண்டே நகரில் கதவு திறந்தது 2013 இல். 'ஓரியோன்' என்ற விளையாட்டு வெளிவந்தது 2016 ஏப்ரலில். முதலீட்டாளர்கள் முன்வராததால் நிறுவனத்தின் பங்குகளைச் சிறு சிறு தொகைகளாகச் சாதாரண மனிதர்களுக்கு விற்றார்கள். 2015 இல் இணையவழித் திரட்டுதலும் நடத்தினார்கள். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர் அது. விளையாட்டு ஓவியம் கற்பிக்கும் பள்ளி அங்கே இருக்கவில்லை. வேலை செய்த இடமே பள்ளிக்கூடமானது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 2012 இல் தொடங்கிய மாலியோ கேம்ஸ் நிறுவனமும் ஆட்கள் கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டிருக்காமல், கண்டம் முழுவதுமுள்ள இளைஞர்களுக்காக 'கேம்அப் ஆபிரிக்கா' என்ற பயிற்சித் திட்டத்தைத் தானே தொடங்கியது. கூகுள் அதற்குத் துணைநின்றது.

இவற்றில் எதுவும் அற்புதமல்ல. ஒருவர் கற்றுக்கொடுத்தார், மற்றவர் கற்றுக்கொண்டார், கற்கும் காலத்தில் பட்டினி கிடக்காதபடி யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டார்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

நாவலப்பிட்டியை அறியாத வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சில வரிகள். கண்டி மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலி ஆற்றோரமாக, ஆண்டின் பெரும்பகுதி மழையில் நனைந்துகொண்டிருக்கும் நகரம். கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை இங்கே எட்டியது 1874 இல். இங்கிருந்து மலையேறி நானுஓயாவை அடைய 1885 ஆகிவிட்டது. கடும் ஏற்றம் இங்கேதான் தொடங்குகிறது என்பதால் வண்டிகளுக்கு இன்னொரு எஞ்சினைப் பூட்டித் தள்ளிவிடும் வழக்கம் இந்த நிலையத்துக்கு இருந்தது. சுற்றிலும் தோட்டங்கள். கொத்மலைப் பக்கமும் கினிகத்தேனைப் பக்கமும் தொலஸ்பாகைப் பக்கமும் இருக்கிற தோட்டத்துச் சனங்களுக்குக் கடை, வைத்தியசாலை, பாடசாலை எல்லாம் இந்த நகரந்தான்.

புகையிரத ஊருக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. தொழிலை அது மர்மமாக வைத்திருப்பதில்லை. எஞ்சின் கொட்டகையில் இரும்பு வேலை தெரியாத பையன், தெரிந்தவனின் பக்கத்தில் நின்று, சாவி எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கி, ஆண்டுகள் சென்றபின் தானே எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொள்வான். அவனிடம் "உனக்கு இயல்பாகவே எஞ்சின் ஞானம் இருக்கிறதா?" என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் படம் வரைகிற பிள்ளையிடம் மட்டும் நாம் இதைத்தான் கேட்கிறோம். இருந்தால் கடவுள் கொடுத்த வரம் என்று மெச்சிவிட்டு வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். இல்லாவிட்டால் நேரத்தை வீணாக்காதே என்று சொல்லி வேலைக்கு அனுப்பிவிடுகிறோம்.

அந்த வேலை எது என்று பார்க்க வேண்டுமானால் நாவலப்பிட்டியிலோ கம்பளையிலோ அட்டனிலோ பதாகை அச்சிடும் கடை ஒன்றுக்குள் நுழையுங்கள். முன்பு பெயர்ப்பலகை எழுதிய கைகள் இருந்த இடத்தில் இன்று ஒரு கணினியும் அதன் முன்னால் இருபது வயது இளைஞனும் இருப்பார்கள். பூப்புனித நீராட்டு விழாப் பதாகைக்கு மயில் வைப்பது, கண்ணீர் அஞ்சலிக்கு மேகமும் ஒளிவட்டமும் வைப்பது, தேர்தல் வந்தால் அறுபத்தைந்து வயது வேட்பாளரை நாற்பதாக்குவது (இதில் நம் பையன்கள் உலகத்தரம் வாய்ந்தவர்கள் என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்) ஆகியவை அவனது அன்றாடம். ஒரு முகத்தின் நிழலை எங்கே குறைத்தால் வயது குறையும் என்று அவனுக்குத் தெரியும். எந்த எழுத்து தூரத்திலிருந்து வாசிக்கப்படும், எந்த நிறம் மழையில் மங்கும் என்று தெரியும். இவை யாவும் ஒரு விளையாட்டு ஓவியனுக்கு வேண்டிய அரிச்சுவடி. யாரும் அவனுக்கு இரண்டாம் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலாம் பாடத்தைக்கூட அவன் பக்கத்துக் கதிரையில் இருந்தவனைப் பார்த்தே கற்றான்.

இரண்டாம் பாடம் என்னவென்று அறியாதவர்களே இத்துறையை மாயம் என்று நினைக்கிறார்கள். ஒரு லயனை விளையாட்டொன்றுக்காக உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஒருவர் தாளிலோ திரையிலோ அதை வரைந்து காட்டவேண்டும்: தகரக்கூரை, அது பறக்காமலிருக்க மேலே வைத்த கற்கள், இஸ்தோப்பு, காம்பரா, புகை படிந்த சுவர். அடுத்தவர் அதை முப்பரிமாண உருவாகக் கட்டுவார். சிறு சிறு தளங்களைக் கோத்துக் கட்டும் வேலை. பிறகு அந்த உருவத்தின் மேற்பரப்பைத் தையற்காரர் சட்டையைப் பிரித்துத் துணியாக விரிப்பதுபோலத் தட்டையாக விரித்து, அதன்மேல் துருவும் சுண்ணாம்பும் பாசியும் தீட்டி, மறுபடி உருவத்தின்மேல் போர்த்துவார்கள். அதன்பின் வெளிச்சம். காலை ஆறு மணிப் பெரட்டு நேரத்து மங்கலும் மதியத்து மஞ்சள் வெயிலும் ஒரே லயனை இரண்டு ஊர்களாக்கிவிடும். கடைசியில் சாதாரணக் கைப்பேசியிலும் திணறாமல் ஓடும்படி எல்லாவற்றையும் இலேசாக்க வேண்டும். ஒவ்வொரு படியும் கற்பிக்கத்தக்கது, திருத்தத்தக்கது. கெட்டிக்காரப் பிள்ளை இரண்டு ஆண்டுகளில் அடித்தளத்தைப் பிடித்துவிடும்.

மென்பொருளுக்குப் பணமில்லை என்று யாரும் சாக்குச் சொல்லவும் வழியில்லை. 'பிளெண்டர்' என்ற முப்பரிமாண மென்பொருளை 2002 இல் இணையத்தில் ஒரு இலட்சம் யூரோ திரட்டி விடுதலை செய்தார்கள்; அன்றுமுதல் எவரும் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். வரைவதற்கான 'கிரிட்டா'வும் இலவசம். இல்லாதவை வேறு. கணினி இல்லை. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மாதத்தில் இருபத்தைந்து நாள் பெயர் விழுந்தாலும் 33,750 ரூபா. முப்பரிமாண வேலையைத் தாங்கும் கணினி ஒன்று அந்தக் குடும்பத்துக்குப் பல மாத உழைப்பு, அதுவும் சாப்பிடாமல் இருந்தால். தமிழில் கற்பிக்க ஆளும் இல்லை. வரைந்ததைப் பார்த்து "தோளெலும்பு தவறு, நிழல் எதிர்ப்பக்கம் விழுகிறது" என்று சொல்ல ஒரு கண் இல்லை. இந்த மூன்றாவதுதான் பெரிய குறை. இணையத்தில் ஆயிரம் பாடங்கள் கிடக்கின்றன; அவற்றில் ஒன்றுகூட உங்கள் படத்தைப் பார்ப்பதில்லை.

பாடசாலையில் சித்திரப் பாடம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குச் சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவற்றோடு வைத்துத் தெரிவு செய்யும் அழகியல் பாடங்களில் ஒன்றாக இருக்கிறது. எங்கு சித்திர ஆசிரியர் உண்டோ அங்கு அது உயிரோடிருக்கும். எங்கு இல்லையோ அங்கு வேறு பாட ஆசிரியர் வந்து "ஏதாவது வரையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்துவார். அதற்குமேல் கற்க விரும்பும் மலையகப் பிள்ளை தமிழில் கற்பதானால் யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைக்கோ மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ பயணப்பட வேண்டும். தேயிலையையும் தேநீர்க் கறையையும் தம் கலையின் பொருளாக்கிய ஹனுஷா சோமசுந்தரம் அவ்வாறு அட்டன் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் சென்று பயின்றவரே. ஜோர்ஜ் கீற் பிறந்து வளர்ந்த கண்டியில், அந்தக் கண்டியின் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு ஓவியம் கற்க வடக்குக்கோ கிழக்குக்கோ பஸ் ஏற வேண்டியிருப்பதை எந்த அமைச்சரும் அவமானமாகக் கருதியதாகத் தெரியவில்லை.

அமைச்சர்கள் கருதுவது வேறு. கணினி அறைத் திறப்பு விழா அவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு பத்திரிகையாளனாக எத்தனை நாடாக்களை வெட்டப் பார்த்திருக்கிறேன்! பெயர்க்கல்லில் அமைச்சரின் பெயர் பெரிதாகவும் பாடசாலையின் பெயர் சிறிதாகவும் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் போனால் கணினிகள் பிளாஸ்டிக் உறைக்குள் துயில்கொண்டிருக்கும். திறப்பு அதிபரிடம் இருக்கும். அதிபர் கூட்டத்துக்குப் போயிருப்பார். நாடு தழுவிய 'நெனசல' அறிவகங்களை நினைத்துப் பாருங்கள். 2014 இல் அத்திட்டம் கேட்ஸ் அறக்கட்டளையின் பரிசான பத்து இலட்சம் டொலரைக்கூடப் பெற்றது. கணினியைத் தொட்டறியாத கிராமத்துக்கு அது நல்லது செய்தது, மறுக்கவில்லை. ஆனால் கணினியைத் தொடப் பழக்குவதற்கும் அதனால் ஒரு தொழில் செய்யப் பழக்குவதற்கும் நடுவே உள்ள தூரத்தை நம் திட்டக்காரர்கள் ஒருபோதும் நடந்து பார்க்கவில்லை. ஒரு வாரச் செயலமர்வு, இறுதிநாள் சான்றிதழ், குழுப் புகைப்படம். மலையகத்து வீடுகளில் சட்டமிட்டுத் தொங்கும் சான்றிதழ்களை எடைக்குப் போட்டால் ஒரு லொறி தேறும். விளையாட்டுத் துறையிலோ சான்றிதழை எவரும் கேட்பதில்லை. செய்த வேலைகளின் தொகுப்பை மட்டுமே கேட்பார்கள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியில் தவறிய பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நற்செய்தி உண்டா? அந்த நற்செய்தியை யாரும் அவனிடம் போய்ச் சொல்லவில்லை.

கொழும்பில் இத்துறை இல்லாமலில்லை. அரிமாக் போன்ற நிறுவனங்கள் இலங்கையிலிருந்தே விளையாட்டுகளைச் செய்து வெளியிட்டிருக்கின்றன. கொழும்பில் தங்கி, ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கற்று, கட்டணமும் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. நாவலப்பிட்டிப் பிள்ளையும் கொழும்புக்குப் போகாமலில்லை. புடைவைக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போகிறான்.

இதில் வேலைவாய்ப்பு மட்டுமே அடங்கியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். வேலை வேறு துறைகளிலும் உண்டு. என்னை உறுத்துவது மலையகத்தை இதுவரை வரைந்தவர்கள் யார் என்பது. தேயிலைப் பெட்டியின் மேல் சிரிக்கும் பெண்ணை வரைந்தவர் மலையகத்தார் அல்லர். சுற்றுலாச் சுவரொட்டியின் ஒன்பது வளைவுப் பாலத்தையும் அதன்மேல் ஊரும் புகையிரதத்தையும் வரைந்தவரும் அல்லர். அந்தப் படங்களில் கொழுந்து பறிப்பவளின் இடுப்பில் படங்கு இருக்காது. கையில் மட்டக்கம்பு இருக்காது. காலில் அட்டை கடித்த இரத்தம் இருக்கவே இருக்காது. கவ்வாத்து வெட்டிய மலையின் மொட்டைத் தோற்றத்தை நான் எந்தச் சுவரொட்டியிலும் கண்டதில்லை. காமன் கூத்தின் இரவை எந்த அசைபடத்திலும் கண்டதில்லை. 1823 ஐத் தொடக்கமாகக் கொண்டு 2023 இல் இருநூறு ஆண்டு நினைவைக் கொண்டாடினோம். அந்த இருநூறு ஆண்டுகளின் தோற்றம் எப்படியிருந்தது என்று கேட்டால் வெள்ளைக்காரத் துரைமார் எடுத்த புகைப்படங்களைத்தான் எடுத்து நீட்டுகிறோம். விளையாட்டின் ஓவியன் பொருள்களை அறிந்தவனாக இருக்கவேண்டும். ஒரு கூடையின் கயிறு தலையில் எங்கே அழுந்தும் என்பதை அறிந்தவன் வரைந்தால்தான் ஆடுபவன் நம்புவான். அந்த அறிவு கொழும்பிலும் இல்லை, கலிபோர்னியாவிலும் இல்லை. நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள மலைகளில் இலவசமாகக் கிடக்கிறது.

நம்பாதவர்கள் 'வெண்பா'வைப் பார்க்கட்டும். ரொறன்ரோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு அது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயரும் ஒரு தமிழ்க் குடும்பம்: வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். தாயின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, விடுபட்ட படிகளை ஊகித்து, இட்லியும் புட்டும் செய்வதே ஆட்டம். அபி என்பவர் வடிவமைத்தார். ஓவியப் பொறுப்பு சாம் எல்கானாவுடையது. துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. 2024 இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலையாய பரிசும், பிரித்தானியாவின் பாஃப்டா வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதும் அதற்குக் கிடைத்தன. இட்லித் தட்டின் குழியை, துணியில் ஒட்டும் மாவை அறிந்த கை வடிவமைத்ததாலேயே அது உலகத்தை வென்றது.

புலம்பெயர்ந்த நம் உறவுகள் அன்று பெருமையில் திளைத்தார்கள். சரி. அந்தப் பெருமையைக் காசாக மாற்றினார்களா? ஒன்ராறியோவில் ஷெரிடன் கல்லூரி 1960களிலிருந்தே அசைபடக் கலை கற்பித்து வருகிறது. மாகாண அரசு டிஜிட்டல் ஊடகத் தயாரிப்புக்கு வரிச்சலுகை அளிக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில்தான் ரொறன்ரோக் குழுக்கள் வேலை செய்கின்றன. ஊருக்கு உதவி என்று வந்தால் மட்டும் நம்மவர்களின் கற்பனை ஏன் கோபுரக் கலசத்தோடும் பாடசாலை நுழைவாயில் வளைவோடும் நின்றுவிடுகிறது? அதிலும் ஊர் என்றால் தத்தம் ஊர். மலையகம் யாருடைய ஊரும் அல்ல. ஆகவே யாருடைய சங்கத்தின் வரவு செலவிலும் அது இல்லை. கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வாதங்களை நான் அறிவேன். பிள்ளைகள் விளையாட்டுக்கு அடிமையாகிப் படிப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள், நீங்கள் அதற்கே பள்ளிக்கூடம் கட்டச் சொல்கிறீர்களே என்று ஓர் அதிபர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் இன்று லயன் வரிசையில் மாலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள்: பையன்கள் 'ஃப்ரீ ஃபயர்' ஆடிக்கொண்டிருப்பார்கள். அது சிங்கப்பூர் நிறுவனமொன்றின் விளையாட்டு. அப்பனின் நாட்கூலி டேட்டா அட்டையாகிக் கடல் கடக்கிறது. விளையாடுவதை நம்மால் தடுக்க முடியவில்லை. வரைவதையும் செய்வதையும் மட்டும் வெற்றிகரமாகத் தடுத்திருக்கிறோம். ஆட்டம் எப்படிச் செய்யப்படுகிறது என்று அறிந்த பிள்ளை, தன்னை அது எவ்வாறு கட்டிப்போடுகிறது என்பதையும் அறிந்துகொள்ளும். உபதேசத்தால் இது நடக்காது.

இரண்டாவது வாதம் வலிமையானது. படத்தை இனி இயந்திரமே வரைந்துவிடும், செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஓவியனுக்கு என்ன வேலை என்கிறார்கள். துறை நோய்வாய்ப்பட்டிருக்கிறது என்பதும் உண்மை. 2023 இலும் 2024 இலும் விளையாட்டு நிறுவனங்கள் உலகெங்கும் பல்லாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பின. 2025 பெப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பாயிலும் அதன் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள். அந்நியருக்குக் கூலிக்கு வரைவதை மட்டுமே தொழிலாகப் பிள்ளைகளுக்குக் காட்டினால், கொழுந்துக் கூடைக்குப் பதில் வேறொரு கூடையைத் தலையில் மாட்டுகிறோம், அவ்வளவுதான். பெங்களூரின் துருவா நிறுவனம் 1997 இல் தொடங்கி மேலைநாட்டு விளையாட்டுகளுக்கு ஓவியம் வரைந்து வளர்ந்தது. 2019 இல் ராக்ஸ்டார் அதை வாங்கிக்கொண்டது. நல்ல வேலை, நல்ல சம்பளம். ஆனால் வரையப்பட்டவை எல்லாம் பிறருடைய தெருக்கள். இங்கேதான் கமரூன்காரர்களின் பிடிவாதம் பாடமாகிறது: தொழில் கற்றது தங்கள் கதையைச் செய்வதற்காக. இயந்திரத்தைப் பொறுத்தவரை, அதனிடம் மலையகப் பெண்ணை வரையச் சொல்லிப் பாருங்கள். தேயிலைப் பெட்டியில் சிரிக்கிற அதே பெண்ணைத்தான் இன்னும் வெள்ளையான பற்களோடு தரும். அதற்குக் கொடுக்கப்பட்ட படங்கள் அவை. தவறென்று கண்டு திருத்த ஒரு மனிதன் வேண்டும், அந்த மனிதனுக்குப் படங்கு என்றால் என்னவென்று தெரிந்திருக்கவேண்டும்.

மூன்றாவது வாதத்தைச் சொல்பவர்கள் நம் தொழிற்சங்க நண்பர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைப் புரட்டிப்போட்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் குடும்பம் குடும்பமாகப் புதைத்தன. காணியும் வீடும் இல்லாத சனத்துக்கு விளையாட்டுப் படமா என்று அவர்கள் கேட்கும்போது குரல் தழுதழுக்கிறது. அந்தத் துக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. காணியுரிமை வேண்டும், வீடு வேண்டும், அவற்றுக்காக எழுதியபடியே இருக்கிறேன். ஆனால் 'முதலில் அது, பிறகு இது' என்ற வரிசை இந்த மக்களுக்கு எழுதப்பட்ட பழைய தண்டனை. 1947 இல் நாவலப்பிட்டித் தொகுதி இராஜலிங்கத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது; 1948 இன் குடியுரிமைச் சட்டம் வந்து வாக்காளர்களையே துடைத்தது. அதன்பின் முதலில் பிரசாவுரிமை, பிறகு கல்வி என்றார்கள். தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வர 1970கள் ஆயின. பின்னர் முதலில் கட்டடம், பிறகு ஆசிரியர் என்றார்கள். ஒவ்வொரு 'பிறகு'வுக்கும் ஒரு தலைமுறை செலவாகியிருக்கிறது. கொழும்பு ஏழிலே எந்தப் பிள்ளையிடமும் "முதலில் கூரையைச் சரிசெய், பிறகு பியானோ படி" என்று எவரும் சொல்வதில்லை.

நான் கேட்பது பெரிய நிறுவகமும் பெயர்க்கல்லும் அல்ல. கர்நாடக அரசு 2012 இலேயே அசைபடத்துக்கும் விளையாட்டுக்கும் தனிக்கொள்கை வகுத்து, நுண்கலைக் கல்லூரிகளுக்குள் டிஜிட்டல் கலையைக் கொண்டுசெல்ல முற்பட்டது. அவ்வளவு தூரம் கொழும்பு போகும் என்று நான் காத்திருக்கத் தயாரில்லை. 1995 இல் அமைக்கப்பட்ட தொழிற்பயிற்சி அதிகாரசபை தையலுக்கும் மின்னிணைப்புக்கும் வாகனத் திருத்தத்துக்கும் பயிற்சி கொடுக்கிறதல்லவா, அதே ஏட்டில் இந்தத் தொழிலையும் ஒரு வரி எழுதட்டும், தமிழில், நாவலப்பிட்டியில். நகரத்தில் ஓர் அறை, வேலைக்கு ஏற்ற பத்துக் கணினிகள், மின்சாரம் நின்றால் தாங்க ஒரு மின்கலத் தொகுதி, முழுநேரப் பயிற்றுநர் ஒருவர், இரண்டு ஆண்டுகள். பிள்ளைகளுக்கு மாதம் ஓர் உதவித்தொகை கட்டாயம் வேண்டும். அது இல்லையேல் மூன்றாம் மாதமே அறை காலியாகிவிடும், கொழும்புக் கடைக்காரர் அழைத்துக்கொள்வார். பெண்பிள்ளைகள் இருட்டுமுன் தோட்டத்துக்குத் திரும்பும்படி பஸ் நேரத்தைப் பார்த்து வகுப்பு நேரத்தை வையுங்கள். இதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனால் எத்தனையோ நல்ல திட்டங்கள் கடைசி பஸ்ஸில் செத்திருக்கின்றன. முதல் ஆண்டு முழுக்கப் பென்சில். லயனை வரையட்டும், பாட்டியின் கையை வரையட்டும், எஞ்சின் கொட்டகையை வரையட்டும். பதாகைக் கடைப் பையன்களுக்கு இரவு வகுப்பு வேண்டும். அவர்களே முதல் அணி.

கண்டியின் வர்த்தகப் பெருமக்களுக்கு இது ஒரு கலியாண மண்டபத்தின் ஒரு பருவ வருமானம்கூட ஆகாது. மலையகக் கட்சிகளுக்கு ஒரு தேர்தலின் பதாகைச் செலவு, அதுவும் அந்தப் பையன்களே அச்சடித்த பதாகைகளின் செலவு. அவர்கள் தரட்டும், தராமல் போகட்டும். பணம் கேட்கும் வேலையை நான் எழுதி முடிப்பதாக இல்லை.

பணத்தைவிட அரிதான ஒன்றை இதை வாசிக்கும் சிலரிடம் கேட்கிறேன். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் பெங்களூரிலும் விளையாட்டு, அசைபட நிறுவனங்களில் தமிழ் ஓவியர்கள் வேலை செய்கிறீர்கள். வாரத்தில் ஒரு மணிநேரம் ஐந்து பிள்ளைகளின் படங்களைத் திரையில் பார்த்து, தமிழில், இரக்கமில்லாமல் திருத்திச் சொல்லுங்கள். புகழவேண்டாம், புகழ அவர்களுக்கு ஊரில் ஆள் இருக்கிறது. ரொறன்ரோவில் கோடைகாலத்துச் சனிக்கிழமை காலை எட்டரை மணி என்பது நாவலப்பிட்டியில் மாலை ஆறு மணி. கடைகள் சாத்தும் நேரம். பதாகைக் கடைப் பையன்கள் வேலை முடிந்து வந்து உட்கார அது தோதான வேளை.